காணாமல் போன இரண்டடி

அத்தியாயம் ஐந்து

"இருநூறு ஏக்கர் வேளாண்மையத் தண்ணிக்குள்ள தாட்ட மனிசன நல்லவர் எண்டு காட்டப் போறம்," என்றாள் ரிப்கா, வவுணதீவுப் பாலத்தில் ஓட்டோவை விரட்டியபடி. "ஏன் அக்கா, எங்களுக்கு லேசான கேஸ் ஒண்டும் வராதா?"

"லேசான கேஸ் எண்டா பொலிசே பிடிச்சிருமே புள்ள," என்றேன் நான்.

"அவங்க ஹெல்மெட் போடாத ஆக்களத்தான் பிடிப்பாங்க."

பின்சீட்டில் என்னருகே இருந்த புஸ்பம் சிரிக்கவில்லை. மடியில் ஒரு பை வைத்திருந்தார். அதற்குள் அவருடைய கணவரின் வெள்ளைச் சட்டை, ஸ்திரி போட்டு மடித்தபடி. அந்தப் பையை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபோது, நாங்கள் விசாரணைக்குப் போகிறோமா அல்லது வேறெதற்காவது போகிறோமா என்று எனக்கு ஒரு கணம் பயம் வந்தது.

என் பெயர் கேதீஸ்வரி. மட்டக்களப்பு நகரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில் தனியார் விசாரணை அலுவலகம் நடத்துகிறேன். அதற்கு முன் பத்தொன்பது வருடம் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். ரிப்கா ஏறாவூர்க்காரி. எனக்குச் சாரதி, உதவியாளர், வாய்.

விசயம் இதுதான். கொக்குமடுக் குளம் அரசாங்கத்தின் நீர்த்தேக்கம். அதன் வான்கதவுகளைத் திறந்து மூடும் வேலையில் இருபத்தாறு வருடமாக நிற்பவர் புஸ்பத்தின் கணவர் அழகரத்தினம். தைப்பொங்கலன்று பின்னேரம் இரண்டே முக்காலுக்கு, எவருடைய உத்தரவும் இல்லாமல், இரண்டு கதவுகளை முழுதாக உயர்த்தினார். கீழே பள்ள வட்டை வயல்வெளியில், கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்ற இருநூறு ஏக்கர் நெல்லும் ஒரு மணித்தியாலத்தில் தாண்டு போனது. குளம் நிரம்புவது இருபத்துநான்கு அடியில். அன்று நீர்மட்டம் இருபத்திரண்டு அடிதான். அப்படிப் பதிவேட்டில் எழுதியதும் அழகரத்தினமே.

நிரம்பாத குளத்தை ஏன் திறந்தார்? பொங்கல் நாள், குடித்திருந்தார் என்றது நீர்ப்பாசன அலுவலகம். ஊரும் நம்பியது. பொங்கலன்று ஒருவர் குடித்திருந்தார் என்றால் அதற்குமேல் ஆதாரம் கேட்பதை எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவாகவே நினைப்பார்கள்.

இன்று இரண்டு மணிக்கு அலுவலக விசாரணை. தீர்ப்பு எதிராகப் போனால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், அதன்பிறகு பொலிஸ் வரும்.

"அவர் பால்பொங்கல்கூட வாயில வைக்கல்ல தங்கச்சி," என்றார் புஸ்பம், திடீரென்று. "விடியக் குளக்கட்டுக்குப் போனவர். நான் வாழையிலையில கட்டிக் கொண்டு போய்க் குடுத்த பொங்கல், அப்பிடியே மழையில நனைஞ்சு கிடந்திச்சு."

இருபத்தாறு வருடத்தில் அவர் கணவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அந்த நனைந்த பொங்கல்தான் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது. நான் அப்போதே அழகரத்தினத்தை நம்பிவிட்டேன். துப்பறிகிறவளுக்கு அது நல்ல பழக்கமில்லை.

*

கொக்குமடுக் குளக்கட்டு பார்ப்பதற்குக் கலியாண வீடு மாதிரி இருந்தது. கட்டோரக் கற்களுக்கு வெள்ளைப் பூச்சு. மரங்களுக்கு இடுப்பளவில் வெள்ளைப் பூச்சு. கைபிடிக் கம்பிகளுக்கு நீலம். கட்டிலிருந்த பிள்ளையாருக்குப் புதுச் சிவப்பு. போன ஆவணி மாதம் கட்டைப் புனரமைத்து, கொழும்பிலிருந்து பெரிய விருந்தினர் ஒருவரைக் கூப்பிட்டு, விழா வைத்துத் திறந்திருந்தார்கள். நூறு வருடமாக இருக்கிற குளத்தை எப்படித் திறப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அசையாம நிண்டதெல்லாத்துக்கும் பெயின்ட் அடிச்சிருக்காங்க," என்றாள் ரிப்கா. "நல்ல காலம், மாடு அசைஞ்சிருக்கு."

அழகரத்தினம் மெலிந்த மனிதர். கட்டின்மேல் கைகட்டி நின்றார். வேலையிலிருந்து நிறுத்திவைத்த பிறகும் அவர் தினமும் வந்து அங்கேதான் நிற்கிறார் என்று புஸ்பம் சொல்லியிருந்தார்.

"அண்ணன், பொங்கலண்டு எத்தின அடி எழுதினீங்க?"

"இருபத்திரண்டு."

"ஏன்?"

"தூண் இருபத்திரண்டு எண்டு காட்டிச்சு. தூண் காட்டுறதத்தான் எழுத வேணும். அதுதான் சட்டம்."

"மறுகா ஏன் திறந்தீங்க?"

"கதவுக்கு மேலால தண்ணி வழிஞ்சது."

"கதவின்ட மேல்விளிம்பு எத்தின அடி?"

"இருபத்துநாலு."

ரிப்கா விரல்விட்டு எண்ணினாள். "அப்ப ரெண்டில ஒண்டு பொய்."

"ரெண்டையும் நான் கண்ணால கண்டன்," என்றார் அவர், கோபப்படாமல். "எது பொய் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டா கட்டு உடைஞ்சிரும். ஒவ்வீசுக்கு கோல் எடுத்தன். லீவுக்குப் பதிலா வந்த ஆரோ எடுத்த. இருபத்திரண்டு எண்டன், எழுதினார். கதவுக்கு மேலால போகுது எண்டன், எஞ்சினியர் சேர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டார் எண்டார். அதான் திறந்தன்."

"சைரன் ஏன் ஊதல்ல? வட்டை ஆக்கள் அதத்தான் பெரிசாச் சொல்றாங்க."

"சைரன்ட ஹோர்ன விழாவுக்கு ஸ்பீக்கர் காணாது எண்டு கழட்டிப் போனாங்க. இன்னும் திருப்பித் தரல்ல."

"பேச்சு இன்னும் முடியல்லயாக்கும்," என்றாள் ரிப்கா.

அவர் எனக்கு அளவுத் தூண்களைக் காட்டினார். குளத்துக்குள் இரண்டு தூண்கள். முதலாவது ஆழத்தில், பதினான்கு அடி வரை இலக்கம் போட்டது. அது இப்போது முழுதாகத் தண்ணீருக்குள். இரண்டாவது, கட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டோரம், பதினான்கிலிருந்து மேலே காட்டுவது. அதில் தண்ணீர் இன்று பத்தொன்பதரையில் நின்றது. இலக்கத் தகடுகள் பளிச்சென்று இருந்தன. பொய் சொல்கிற முகம் எதுவும் அவற்றுக்கு இல்லை.

*

கட்டின் அடிவாரத்திலேயே அலுவலகம். பொறுப்பாயிருந்த பொறியியலாளர் சிவதர்ஷனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நன்றாகச் சிரித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகப் பேச ஒருவரைக் கூட்டிவரலாம், அவர் ஆவணங்களைப் பார்க்கலாம் என்பது விதி. அந்த விதியை அவர் எங்களுக்கு உபகாரம் செய்வது போலச் சொன்னார்.

"பாருங்க மெடம். இது குளத்தில அழகரத்தினம் எழுதுற பதிவேடு. பதினைஞ்சாம் திகதி, இருபத்திரண்டு. இது எங்கட ஒவ்வீஸ் நீர்மட்டத் தாள். அவர் போனில சொல்றத மேனுகா எழுதுவா. பதினைஞ்சாம் திகதி, இருபத்திரண்டு." இரண்டு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். "ரெண்டு பதிவும் அச்சொட்டாப் பொருந்துது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பிளேன்ரீ," என்றாள் ரிப்கா.

அவர் சிரித்தபடி வெளியே போனார். மூலை மேசையில் மேனுகா என்ற பெண் தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த வயதில் என் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. நல்ல எழுத்துள்ளவர்களிடம்தான் அலுவலகங்கள் தங்களுடைய பொய்களைக் கொடுத்து எழுதுவிக்கும்.

ரிப்கா அலுவலகத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அக்கா, பதிமூண்டாம் திகதி இருபத்துமூண்டு அடி. பதினாலு, இருபத்துமூண்டரை. பதினைஞ்சு, இருபத்திரண்டு." நிறுத்தினாள். "பொங்கலண்டு பேய் மழையெல்லா? எங்கட வீட்டுக் கிணறு வழிஞ்சது. இந்தக் குளம் மட்டும் ஒண்டரை அடி குறைஞ்சிருக்கு. குளமும் லீவில போயிட்டா?"

நான் அழகரத்தினத்தின் பதிவேட்டை எடுத்து அதே நாட்களைப் பார்த்தேன். பிறகு அதை மூடி வைத்தேன். கண்டுபிடித்த சந்தோசத்தில் என்று சொன்னால் அது உண்மையல்ல. தெரிந்த ஒருவரை எதிர்பாராத தெருவில் கண்டது போலிருந்தது.

சுவரில் விழாப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஆவணி மாதத்துக் காய்ந்த குளம். படிக்கட்டோரத் தூணுக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக விருந்தினர். அவர் திரைச்சீலையை இழுக்கிறார். தூணின் அடியில் கறுப்பு நினைவுக்கல் பளபளக்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஆளைத் தெரியுமா அக்கா?"

"ஆளைப் பாக்கல்ல."

பின்கட்டில் மேனுகா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளருகில் போய் நின்றேன்.

"பொங்கலுக்கு எங்க நிண்டீங்க, தங்கச்சி?"

"மண்டூர்ல. அம்மா வீட்ட."

"பதினாறாம் திகதி வந்து தாளைப் பாத்ததும் விளங்கியிருக்குமே."

கோப்பை நழுவவில்லை. கை மட்டும் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, ரிப்காவுக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்கு உங்கட வயசில, ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை பழுது எண்டு கடிதம் வந்தது. இப்ப இத மேல அனுப்ப வேணாம் எண்டார் பெரியவர். மூண்டு மாசம் என்ட மேசை லாச்சிக்குள்ள வச்சிருந்தன். கூரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. என்னையும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

"அப்ப நல்லந்தானே," என்றாள் மேனுகா, மெதுவாக.

"ஓம். பதினேழு வருசமா அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிப் பாக்கிறன்."

*

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற பொறியியலாளர். பகல் சாப்பாட்டு மீன்குழம்பின் தூக்கம் கண்ணில் தெரிந்தது. அழகரத்தினம் வெள்ளைச் சட்டையில் இன்னும் மெலிந்து தெரிந்தார். புஸ்பம் வெளி வாங்குப் பலகையில் ரிப்காவோடு இருந்தார். கதவு திறந்திருந்தது.

சிவதர்ஷன் தன் இரண்டு விரல்களையும் மறுபடி சேர்த்துக் காட்டினார். "ரெண்டு சுயாதீனமான பதிவு சேர். ரெண்டும் பொருந்துது."

"பொருந்துது," என்றேன் நான். "அதுதான் எனக்குச் சந்தேகம். சேர், தயவுசெய்து பதினாலாம் திகதியப் பாருங்க. குளத்துப் பதிவேடு?"

விசாரணைக்கு வந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். "இருபத்தொண்டரை."

"ஒவ்வீஸ் தாள்?"

"இருபத்துமூண்டரை."

"பதிமூண்டு?"

"இருபத்தொண்டு. இதில இருபத்துமூண்டு." தூக்கம் கலைந்தது. அவரே பக்கங்களைப் புரட்டினார். "பன்னிரண்டும் அப்பிடித்தான். பதினாறும். மார்கழி நடுவில இருந்து ஒவ்வொரு நாளும் ரெண்டடி வித்தியாசம்."

"ஓம் சேர். குளத்தில இருந்து ஒவ்வீசுக்கு வாற வழியில தண்ணி ரெண்டடி ஏறுது. ஏறாத நாள் ஒண்டே ஒண்டுதான். பொங்கல். ஏனெண்டா, ரெண்டைக் கூட்டுற ஆள் அண்டைக்கு லீவு. பதிலுக்கு வந்தவருக்குக் கூட்ட வேணும் எண்டு ஆரும் சொல்லல்ல. சொன்னதை அப்பிடியே எழுதிப்போட்டார். ரெண்டு பதிவும் பொருந்தின நாளிலதான் ரெண்டுமே பிழை."

வெளியே ரிப்காவின் குரல் மெதுவாகக் கேட்டது: "அன்ரி, அழாதீங்க. இனித்தான் கூத்து."

"இது எழுத்துப் பிழை," என்றார் சிவதர்ஷன். "மேனுகாட கவனயீனம். நான் நடவடிக்கை..."

"கவனயீனமில்ல." மூலை மேசையில் விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேனுகா எழுந்து நின்றாள். "மார்கழி மாசம் சேர்தான் சொன்னவர். தூண் ரெண்டடி குறைச்சுக் காட்டுது, போனில சொல்றதோட ரெண்டு கூட்டி எழுது, வெளிய ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டு. அழகரத்தினம் ஐயாக்குச் சொல்லட்டா எண்டு நான் கேட்ட. அவருக்குச் சொன்னா வட்டை முழுக்கத் தெரிஞ்சிரும் எண்டார்."

நான் சிவதர்ஷனைப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதரில்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு சங்கடமான கதையைப் பேசாமல் தள்ளிப்போட்டவர், அவ்வளவுதான். தள்ளிப்போட்டது தண்ணீரை என்பதுதான் பிரச்சினை.

"அப்ப பதினாலாம் திகதி பின்னேரம்," என்றேன், "குளம் நிரம்ப இன்னும் அரை அடிதான் இருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நீங்க ஊருக்குப் போனீங்க. தெரியாத மனிசன்தான் மழைக்குள்ள நிண்டவர்."

"தூண் ஏன் குறைச்சுக் காட்டுது?" என்று கேட்டார் பெரியவர்.

நான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். "விருந்தினரை விட்டுட்டு இலக்கத்தைப் பாருங்க. பின்னால நிக்கிற பழைய தூண் பதினாலில முடியுது. அது இவர்ட முழங்காலுக்கு நேர. பக்கத்தில இருக்கிற தூண் பதினாலில தொடங்குது. அது இவர்ட இடுப்புக்கு நேர. ஒரு குளத்தில ரெண்டு பதினாலு இருக்க ஏலாது. இடையில என்ன இருக்கு?"

"நினைவுக்கல்," என்றார் அவர், களைத்துப்போய்.

"கல்லு ரெண்டடி உயரம். மேடை போட்ட இடம் அதுதான், படம் நல்லா விழும் எண்டு தூணிலயே பதிச்சாங்க. இடம் காணாம இலக்கத் தகடெல்லாத்தையும் கழட்டி மேல தள்ளிப் பூட்டினாங்க. ஆவணியில குளம் காய்ஞ்சு கிடந்தது. ஆருக்கும் விளங்கல்ல. பதிவேட்டுப்படி, கார்த்திகையில ஒரே ராவில ஐஞ்சடி ஏறினது, ரெண்டு தூணையும் ஒப்பிட்டுப் பாக்க நேரமிருக்கல்ல. கல்லுத் தாண்டு போச்சு, கதையும் தாண்டு போச்சு."

அழகரத்தினம் முதல்முறையாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது நாளாகத் தன் கண்ணையே சந்தேகித்த ஒருவர், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது போலிருந்தது.

*

பெரியவர் நல்ல நிர்வாகி. ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். அழகரத்தினத்தின் மேல் குற்றமில்லை. வட்டை விவசாயிகளுக்கு அலுவலகமே எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இன்றைக்கே வேலைக்குத் திரும்பலாம். சிவதர்ஷனைப் பற்றி வேறாக அறிக்கை போகும்.

"நினைவுக்கல்லை அசைக்கிறதெண்டா மேலிடத்து அனுமதி வேணும்," என்று முடித்தார். "அது வரும் வரைக்கும், தூண் காட்டுறதோட ரெண்டு கூட்டி எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போடுவம். மேனுகா, எழுதுங்க."

மேனுகாவின் பேனை தாளுக்கு மேலே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அழகரத்தினத்தைப் பார்த்தேன்.

"சேர், ஒரு சந்தேகம்," என்றார் அவர், மிக மரியாதையாக. "நான் லீவில போனா, ஆர் கூட்டுற?"

பெரியவர் சாவிகளைக் கொடுக்கும்படி சிவதர்ஷனுக்குக் கண்ணைக் காட்டினார்.

வான்கதவுச் சாவிகள் மேசையில் இருந்தன. சிவதர்ஷன் அவற்றை அழகரத்தினத்தின் பக்கம் தள்ளினார். அழகரத்தினம் அவற்றை எடுத்து, எண்ணிப் பார்த்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"எனக்குக் கூட்டத் தெரியா. காட்டுறத எழுதத்தான் தெரியும். தூணச் சரியாக் காட்டச் சொல்லுங்க, சாவிய எடுக்கிறன்."

"இது உத்தரவு, அழகரத்தினம்."

"அண்டைக்கு உத்தரவில்லாமத் திறந்ததுக்குத்தானே சேர் இண்டைக்கு விசாரணை. இண்டைக்கு உத்தரவோட பிழையா எழுத மாட்டன்."

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. பிறகு ஒன்றாகக் கொட்டியது. குளத்திலிருந்த தற்காலிகக் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டு, தண்ணீர் ஏறுகிறது, இந்தக் கதவை எந்தப் பக்கம் சுத்த வேண்டும் என்று கேட்டார். சிவதர்ஷன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார்.

"மேலிடத்துக்கு நான் சொல்லிக்கொள்றன்," என்றார் கடைசியில். "கழட்டுங்க."

குளத்தில் வலை போடும் இரண்டு பேர் தோணியோடு வந்தார்கள். ஒருவர் மூழ்கி ஆணிகளைக் கழற்ற, மற்றவர் தோணியைப் பிடித்தார். கயிற்றைப் படியிலிருந்து இழுத்தவர் சிவதர்ஷன், நல்ல காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டியபடி. கல் பாசி பிடித்து வெளியே வந்தது. அதில் விருந்தினரின் பெயர் பெரிதாகவும், குளத்தின் பெயர் சிறிதாகவும் இருந்தன. அழகரத்தினம் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழைக்குள் குனிந்து, தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார். முதுகில் அந்த வெள்ளைச் சட்டை ஒட்டிப்போய்க் கிடந்தது.

"இத எங்க வைக்கிற?" என்று கேட்டார் சிவதர்ஷன், மூச்சு வாங்க.

புஸ்பம் குடையோடு படியில் இறங்கி வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். "இந்தத் தண்ணியோரப் படியில போடுங்க தம்பி. உடுப்புத் துவைக்க ஒரு கல்லில்லாம எவ்வளவு காலம் கரைச்சல்படுறம்."

ரிப்கா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். "பேர் இருக்கிற பக்கம் கீழயா அன்ரி?"

"மேல," என்றார் புஸ்பம். "எழுத்தில உரஞ்சினாத்தான் ஊத்தை கழரும்."